திறந்த கதவும் இறுகிய பூட்டும்: பழைய வெளிநாட்டுக் கார்களின் வரிக்கணக்கு

புது தில்லி: வெளிநாட்டில் பணியாற்றித் தாயகம் திரும்புவோர், அங்கு ஓட்டிய காரை உடன் கொண்டுவர முடியுமா? 'முடியும்' என்கிறது சட்டம். ஆனால், அதனுடன் இணைந்த நிபந்தனைகளும் வரி விகிதங்களும் ஏறத்தாழ 'வேண்டாம்' என்றே சொல்கின்றன.

இந்த முரண்பாட்டுக்குக் கால் நூற்றாண்டு வயதாகிறது. இந்தியாவின் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில், 1999-இல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. முரசொலி மாறன் வர்த்தக அமைச்சராக இருந்தபோது, எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டன. பழைய கார்கள் வந்து குவிந்துவிடும் என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் அஞ்சினர். அதற்கு முன்னரே, பயன்படுத்திய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரியைத் தமது பட்ஜெட்டில் 105 சதவீதமாக நிர்ணயித்துவிட்டார் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. 2013-இல் அது 125 சதவீதமானது.

வரியுடன் நிபந்தனைகளும் சேர்ந்தன. கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்ப முகப்பு விளக்கின் ஒளி அமைந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ வளைகுடா நாடுகளிலோ வாங்கிய கார் இந்தப் படியிலேயே தகுதி இழக்கிறது. மேலும், வாகனம் ஐந்து ஆண்டுகள் ஓடத் தகுதியானது என்ற உறுதிமொழியும், கப்பலேற்றும் முன் பெற்ற ஆய்வுச் சான்றும் தேவை. மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே அனுமதி. புணேயில் உள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையமொன்றின் சோதனையிலும் கார் தேற வேண்டும்.

2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி 125-லிருந்து 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சுமை குறையவில்லை. முன்பு 125 சதவீத வரியுடன் 12.5 சதவீத சமூக நலக் கூடுதல் கட்டணம் இருந்தது. இப்போது 70 சதவீத வரியுடன், வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டுக்கான செஸ் 67.5 சதவீதம். இரண்டின் கூட்டுத்தொகையும் 137.5 சதவீதமே.

கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ரூ.10 லட்சம் மதிப்புள்ள பெரிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், சுங்க வரியும் செஸ்ஸும் ரூ.13.75 லட்சம். ஆக ரூ.23.75 லட்சத்தின் மீது, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த 40 சதவீத ஜிஎஸ்டி ரூ.9.50 லட்சம். பத்து லட்ச ரூபாய் கார் துறைமுகத்தைத் தாண்டும்போது ரூ.33.25 லட்சமாகிறது. அதன் பிறகே மாநிலங்களின் சாலை வரி. தமிழகத்தில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 20 சதவீதம்.

வாங்குபவருக்கு வேறுபாடில்லாத இந்த மாற்றத்தில் மாநிலங்களுக்கு வேறுபாடு உண்டு. அடிப்படைச் சுங்க வரி மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும் வருவாய்த் தொகுப்பில் சேர்கிறது. செஸ்ஸும் கூடுதல் கட்டணமும் அரசியல் சாசனத்தின் 270-ஆவது பிரிவின்படி அதில் சேருவதில்லை. 137.5-இல் 125 பங்கு பகிர்வுக்கு உரியதாக இருந்த நிலை மாறி, இன்று 70 பங்கு மட்டுமே அவ்வாறு உள்ளது.

சட்ட வழி இவ்வளவு குறுகலாக இருப்பதால் குறுக்கு வழிகள் பெருகுகின்றன. வெளிநாட்டுக் கார் இறக்குமதி முறைகேடு வழக்கொன்றின் பேரில், 2013 மார்ச் 21-இல் மு.க. ஸ்டாலின் இல்லத்தில் சிபிஐ சோதனை நடத்தியது. மத்திய அரசுக்கு அளித்துவந்த ஆதரவை திமுக விலக்கிக்கொண்ட இரண்டாவது நாள் அது. நிதியமைச்சர் ப. சிதம்பரமே அதை ஏற்க மறுத்தார். பிரதமர் மன்மோகன் சிங்கும் அதிருப்தி தெரிவித்தார். சோதனை பாதியில் நின்றது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்களைக் கைப்பற்றியது. பூடானிலிருந்து கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களின் மூலம் பிற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்பது அத்துறையின் குற்றச்சாட்டு.

இறக்குமதி வாகனத்தைப் பதிவு செய்யச் சுங்க அனுமதிச் சான்று கட்டாயம் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அந்தச் சான்று உண்மையானதுதானா என்பதை ஏதேனும் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சரிபார்க்கத் தவறினால் போதும், பதிவெண் கிடைத்துவிடுகிறது. அதை நம்பி முழு விலை கொடுத்து வாங்கிய மூன்றாவது, நான்காவது உரிமையாளரின் வாசலில்தான் இறுதியில் சுங்க அதிகாரிகள் வந்து நிற்கின்றனர்.

உள்நாட்டுத் தொழிலையும் தொழிலாளரையும் காப்பது நியாயமான நோக்கமே. அதற்காகப் பழைய கார் வேண்டாம் என்று அரசு முடிவு செய்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லலாம். வரலாம் என்று முடிவு செய்திருந்தால், சுங்கத் துறையின் பதிவேடும் போக்குவரத்து அலுவலகங்களின் பதிவேடும் ஒன்றோடொன்று சரிபார்க்கப்பட வேண்டும். இரண்டுமின்றி வரியை மட்டும் பெயர் மாற்றிக்கொண்டிருப்பதால், மாநிலங்களின் பங்கு சுருங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்கப்போவதில்லை.