பள்ளிக்கூடத்துக்கு புது பாய்லர்: '98 சதவீத எஃபிஷியன்சி' ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும்?

பாய்லர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது டீக்கடை. இல்லாவிட்டால் ரைஸ் மில். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் பல பள்ளிக்கூடங்களில் ஒரு பாய்லர் அறை இருக்கும். அங்கே கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வொரு வகுப்பறைக்கும் அனுப்புவார்கள். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டர் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். சூடு குறைந்த தண்ணீர் திரும்ப பாய்லருக்கே வரும். இதுதான் மொத்த கதையும்.

இந்தச் சுற்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பார்த்தது. சுமார் 60 பள்ளிகளில் ஹீட்டிங் பிரச்னை. கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு வகுப்பறையில் குழந்தைகள் உட்கார்ந்திருந்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. கடைசியில் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று.

சரி, பழசாகிவிட்டால் புதுசு வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் பலர் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறார்கள். 'கொட்டேஷன் வந்திருக்கு, ஓகே பண்ணலாமா?' என்று கேட்கும்போது தலையாட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

'கண்டென்சிங்' என்றால் என்ன?

இப்போது ஹை எஃபிஷியன்சி என்று விற்பது எல்லாமே கண்டென்சிங் பாய்லர்தான். பெயர் பெரிசாக இருந்தாலும் விஷயம் நம்ம வீட்டு அடுப்படியில் இருப்பதுதான். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் இல்லையா? ஆவி, தண்ணீராக மாறும்போது தன்னிடம் உள்ள சூட்டை மூடிக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஆவி பட்டால் கை அப்படிச் சுடுகிறது.

இயற்கை எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது. ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர், ஆவியாகப் புகையோடு போகிறது. அந்த ஆவி தூக்கிக்கொண்டு போகும் சூடு, கேஸில் இருந்த மொத்த சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பழைய பாய்லர் அதை அப்படியே புகைபோக்கி வழியாக வானத்துக்கு விட்டுவிடும். கண்டென்சிங் பாய்லர் புகையைக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டிக்கரில் 98, பில்லில் எங்கே?

ஆவி தண்ணீராக மாற வேண்டும் என்றால், அது படும் இடம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கேஸ் புகைக்கு அந்த எல்லை சுமார் 55 டிகிரி செல்சியஸ். பாய்லருக்குள் புகையைக் குளிரவைப்பது எது? ரேடியேட்டரில் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர்தான். அது 55 டிகிரிக்குக் கீழே வந்தால் கண்டென்சிங் நடக்கும். 40 டிகிரியில் வந்தால் நன்றாகவே நடக்கும். 70 டிகிரியில் வந்தால்? ஒன்னுமே நடக்காது. விலை உயர்ந்த பாய்லர், சாதாரண பாய்லர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய பள்ளிக் கட்டடங்களில் இதுதான் நடக்கிறது. அந்தக் காலத்து ரேடியேட்டர்களை 82 டிகிரியில் தண்ணீர் போய், 71 டிகிரியில் திரும்பும் என்று கணக்குப் போட்டு மாட்டியிருப்பார்கள். புது பாய்லரை வைத்துவிட்டு அதே 82 டிகிரி செட்டிங்கை விட்டுவிட்டால் எஃபிஷியன்சி 86 பக்கம்தான் நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழைய பாய்லர் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு 100 யூனிட் சூடு வேண்டும் என்றால் 133 யூனிட் கேஸ் எரிக்க வேண்டும். புது பாய்லர் உண்மையிலேயே 95 சதவீதத்தில் ஓடினால் 105 போதும். கேஸ் பில்லில் 21 சதவீதம் மிச்சம். அதே பாய்லர் 86-ல் ஓடினால் 116 யூனிட். மிச்சம் 13 சதவீதம்தான். வாங்கும்போது 21-ஐ நம்பிக் கடன் வாங்கிய பள்ளிக்கு இது பெரிய அடி.

இதற்கு வழி இருக்கிறது. வெளியில் ஒரு சென்சார் மாட்டி, குளிர் குறைவாக இருக்கும் நாளில் தண்ணீர் சூட்டையும் தானாகக் குறைக்கும் கன்ட்ரோல் இருக்கிறது. கடும் குளிர் என்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் 55, 60 டிகிரி தண்ணீரே வகுப்பறைக்குப் போதும். பழைய ரேடியேட்டரை மாற்றாமலேயே குளிர்காலத்தின் பெரும்பகுதியில் கண்டென்சிங் கிடைக்கும். கொட்டேஷனில் இந்த கன்ட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். பாய்லர் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு சின்னதுதான். ஆனால் பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கை வைப்பதும் இதில்தான்!

இன்னொரு குறுக்குப் புத்தியும் உண்டு. பழைய அமைப்பில் சில இடங்களில் 'பைபாஸ்' குழாய் இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் நேராகத் திரும்பும் குழாயில் கலந்துவிடும். பழைய இரும்பு பாய்லருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்பதால் அன்றைக்கு அது தேவைப்பட்டது. புதுசுக்கு அதுவே எதிரி. அதை எடுக்காமல் விட்டால் எந்த கன்ட்ரோல் போட்டும் புண்ணியமில்லை.

ஆமாம், 107 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே?

சில ஐரோப்பிய பிராண்டுகளின் கையேட்டில் இப்படிப் பார்க்கலாம். மாயம் எதுவும் இல்லை. ஆவியில் உள்ள சூட்டைக் கேஸின் கணக்கிலேயே சேர்க்காமல் வகுத்தால் 100-ஐத் தாண்டிவிடும். ஒரு கம்பெனி இந்தக் கணக்கிலும் இன்னொன்று முழுக் கணக்கிலும் கொடுத்திருந்தால் ஒப்பிடவே கூடாது. இரண்டையும் 'கிராஸ்' கணக்கில் கேட்டு வாங்குங்கள்.

பழசு எவ்வளவு பெரிசோ, அவ்வளவே புதுசா?

நிறைய பள்ளிகள் செய்யும் தப்பு இது. பழைய பாய்லரில் 1,000 கிலோவாட் என்று எழுதியிருந்தால் புதுசும் 1,000 என்று ஆர்டர் போட்டுவிடுவார்கள். ஆனால் 1960களில் அந்த பாய்லரைப் பொருத்தியவர், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாகத்தான் வைத்திருப்பார். அதன்பிறகு பள்ளியில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்திருக்கும். கூரைக்கு இன்சுலேஷன் போட்டிருப்பார்கள். இப்போது தேவை 600-கூட இருக்காது.

பெரிய பாய்லர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. தேவைக்கு மேல் பெரிசாக இருந்தால் ரெண்டு நிமிஷம் எரியும், அணையும், மறுபடி எரியும். ஒவ்வொரு முறை பற்றவைப்பதற்கு முன்னாலும் உள்ளே தங்கிய வாயுவை ஃபேன் ஊதி வெளியே தள்ளும். அதோடு சூடும் போகும். பாகங்களும் சீக்கிரம் தேயும்.

அதனால் ஒரே பெரிய பாய்லருக்குப் பதிலாக மூன்று சின்ன பாய்லர் வைப்பதுதான் இப்போதைய வழக்கம். குளிர் குறைவு என்றால் ஒன்று மட்டும் குறைந்த தீயில் ஓடும். ஜனவரி குளிரில் மூன்றும் ஓடும். ஒன்று பழுதானாலும் பள்ளியை மூட வேண்டாம். என்னைக் கேட்டால், எஃபிஷியன்சியைவிட இதுதான் பள்ளிக்கூடத்துக்கு முக்கியம்.

நாளைக்கு அறைகளின் எண்ணிக்கை, சுவர், ஜன்னல் எல்லாம் அளந்து வெப்ப இழப்புக் கணக்கு போடாமல், பழைய நேம் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கான்ட்ராக்டரை நம்ப வேண்டாம்.

பழைய குழாய், பழைய புகைபோக்கி

முதல் கேள்வி: உங்கள் பள்ளியில் ஓடுவது சூடு தண்ணீரா, நீராவியா? நியூயார்க்கின் பழைய பள்ளிகள் பலவற்றில் நீராவிதான். 1990களில்கூட அங்கே பல பள்ளிகள் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றத்தான் 1996-ல் மாகாணப் பத்திரச் சட்டம் மூலம் தனியாக நிதி ஒதுக்கினார்கள். நீராவி அமைப்பில் கண்டென்சிங் வேலைக்கு ஆகாது. 80-85 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம். தாண்ட வேண்டும் என்றால் குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் சூடு தண்ணீருக்கு மாற்ற வேண்டும். அது வேற லெவல் செலவு.

சூடு தண்ணீர் அமைப்பாக இருந்தாலும் ஐம்பது வருஷத் துருவும் கறுப்புச் சேறும் குழாய்க்குள் இருக்கும். பழைய பாய்லர் அதைத் தாங்கும். புது பாய்லரின் உள்வழிகள் குறுகல், அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழுவ வேண்டும், சேறு பிடிக்கக் காந்த வடிகட்டி போட வேண்டும். சிலர் நடுவில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்துப் பழைய தண்ணீரையும் புது பாய்லர் தண்ணீரையும் பிரித்தே விடுகிறார்கள். உள்பாகம் அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதையும் கேளுங்கள். இரும்புக் குழாய்க்காகக் காரத்தன்மை கூட்டி வைத்திருக்கும் தண்ணீர், அலுமினியத்தை அரித்துவிடும்.

பாய்லரில் ஆவி குளிர்ந்து சொட்டும் தண்ணீரும் சும்மா தண்ணீர் இல்லை. தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு. சுண்ணாம்புக்கல் நிரப்பிய பெட்டி வழியாக விட்டுத்தான் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். அதே ஈரம் பழைய செங்கல் புகைபோக்கியையும் கரைக்கும். உள்ளே புதுக் குழாய் இறக்க வேண்டும். கொட்டேஷனில் 'புகைபோக்கி வேலை தனி' என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

2012 டிசம்பரில் அட்லாண்டாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஹீட்டிங் கருவியிலிருந்து கார்பன் மோனாக்சைடு பரவி, 40-க்கும் மேற்பட்ட மாணவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. பள்ளியில் அதைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரும் இல்லை.

அதற்கு வெகு காலம் முன்பு, 1937 மார்ச் 18-ல், டெக்சாஸ் மாகாணத்தின் நியூ லண்டன் பள்ளியில் நடந்தது இன்னும் கொடுமை. முதல் திட்டப்படி அங்கே பாய்லர்தான் வைத்திருக்க வேண்டும். நிர்வாகம் அதை விட்டுவிட்டு, கட்டடம் முழுக்க 72 கேஸ் ஹீட்டர்களை மாட்டியது. பிறகு பணத்தை மிச்சம் பிடிக்க, எண்ணெய் வயலின் மிச்ச வாயுக் குழாயிலிருந்து கேஸ் எடுத்தார்கள். கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. வெடித்ததில் சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கேஸில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் வந்தது அதற்குப் பிறகுதான்.

டிடெக்டர், கேஸ் கசிந்தால் தானாக மூடும் வால்வு, வருஷா வருஷம் சர்வீஸ் ஒப்பந்தம். இந்த மூன்றுக்கும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

பாய்லரே வேணுமா?

நியாயமான கேள்வி. பிரிட்டன் 2050-க்குள் நெட் ஜீரோ என்று சட்டமே போட்டிருக்கிறது. கண்டென்சிங் பாய்லரின் ஆயுள் 15 முதல் 20 வருஷம். இன்று மாட்டினால் 2040கள் வரை கேஸ் எரியும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும், கடும் குளிரில் அது குறையும். ஆனால் பிரிட்டனில் மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை. பள்ளிக்கு வரும் மின் இணைப்பும் தாங்க வேண்டும். அதனால் எல்லாப் பள்ளிக்கும் இன்றே சரிப்படும் என்று சொல்ல முடியாது. வழக்கமான நாட்களுக்கு ஹீட் பம்ப், கடும் குளிருக்கு மட்டும் சின்ன பாய்லர் என்று இரண்டையும் சேர்த்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் கட்டடம் எவ்வளவு குறைந்த சூட்டில் தாக்குப்பிடிக்கும்? இதற்குக் காசே செலவில்லை. இருக்கிற பாய்லரிலேயே, அது எவ்வளவு தாங்கும் என்று சர்வீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் சூட்டை 80-லிருந்து 70, அடுத்து 65 என்று சில நாள் குறைத்துப் பாருங்கள். எந்த வகுப்பறையில் முதலில் 'மிஸ், குளிருது' என்று சத்தம் வருகிறதோ, அங்கே ரேடியேட்டரோ ஜன்னலோ மாற்ற வேண்டும். மற்ற அறைகளுக்கு அந்தச் சூடே போதும் என்று தெரிந்துவிடும்.

பாய்லரைக் கழற்றி மாட்டக் கோடை விடுமுறைதான் வசதி. பழைய பாய்லர் அறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், குழந்தைகள் இல்லாத நேரத்தில்தான் அதை அகற்ற முடியும். அதற்காக ஜூன் மாதம் வரை காத்திருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். ஆர்டர் போட்டுக் கையில் வரவே மாதங்கள் ஆகும். தவிர, இந்தச் சூடு குறைக்கும் சோதனையை ஜனவரி, பிப்ரவரியில்தான் செய்ய முடியும்.