வழிநெடுக – 9: வலப்பக்க ஜன்னல்

சென்ற கிழமை எங்கள் இருவரையும் கட்டுநாயக்கவில் தராசின் மேல் நிற்க விட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். அந்த எடையை நான் எழுதுவதாக இல்லை. சிறிய விமானத்தில் பெட்டியை நிறுப்பது போலவே ஆளையும் நிறுப்பார்கள். பாரம் முன்னுக்கோ பின்னுக்கோ கூடிப்போனால் பறப்பே கோணலாகிவிடும். யார் எங்கே இருப்பது என்பதையும் அந்தக் கணக்கே முடிவு செய்யும். என் மனைவி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். வலப்பக்க ஜன்னல்.

"ஏன், இடப்பக்கத்தில என்ன குறை?"

"மாத்தளை வலப்பக்கந்தாங்க வரும்."

அவள் பிறந்தது மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். நான் வடமராட்சி. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமாகியும் அவள் "வாங்க, போங்க" என்கிறாள், நான் "வாரும், இரும்" என்கிறேன். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்று பேசுகிறார்கள். நிற்க. தராசுக்காரப் பொடியன் கணக்குப் பார்த்து, வலப்பக்கம் அவளுக்கும் இடப்பக்கம் எனக்கும் என்றான். முழுப் பயணத்திலும் எங்களுக்குச் சண்டையில்லாமல் முடிந்த ஒரே விடயம் அது.

விமானம் செஸ்னா கரவன். மூக்கில் ஒற்றை விசிறி, விமானிகள் இருவர், பயணிகள் எட்டுப் பேருக்கு மேல் கொள்ளாது. காலுக்குப் பதில் இரண்டு நீண்ட மிதவைகள், அந்த மிதவைகளுக்குள்ளிருந்தே சக்கரங்கள். ஆகவே குளத்திலும் இறங்கும், ஓடுபாதையிலும் இறங்கும். இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் ஜன்னலுக்குக் கீழே மறைப்பு எதுவுமில்லை. பெரிய விமானத்தில் முப்பதாயிரம் அடியிலிருந்து பார்க்கும்போது நாடு வெறும் வரைபடம். இது அவ்வளவு உயரம் போகாது. உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் ஏற்பாடு இல்லை. கிணற்றடியில் காயும் சேலையின் நிறம்கூடத் தெரிகிற உயரம்.

சின்ன வயதில் பலாலியில் ஏர் சிலோனின் அவ்ரோ இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். அந்த அவ்ரோவில் ஒருநாள் ஏறவேண்டும் என்று நினைத்திருந்தேன். 1978 செப்டெம்பரில் இரத்மலானையில் குண்டு வைத்து அதைத் தகர்த்துவிட்டார்கள். அப்படி நின்றுபோன ஆசையை அறுபது வயதுக்கு மேல் ஒரு கரவனில் தீர்த்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்கொழும்புக் கடலேரி பின்னே போனதும் தென்னை தொடங்கியது. குருணாகல் வரை தென்னைதான். வேறு எதையும் எழுத இடமில்லை. குருணாகலில் ஆனைக்கல்லும் அதன் கூட்டாளிக் கற்களும் படுத்திருந்தன. அதற்கு அப்பால் நிறம் மாறியது. ஈரப் பச்சை குறைந்து, வயல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குளங்கள், ஒன்றின் வான் கீழே உள்ளதற்குள் விழுகிற மாதிரி அடுக்கடுக்காக. பள்ளிக்கூடத்தில் குளத் தொடர் என்று மனப்பாடம் பண்ணியது, இரண்டாயிரம் வருடம் முந்திய ஆட்கள் விமானமில்லாமல் இதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்ற கேள்வியாக அங்கே திரும்பி வந்தது.

மனைவி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி இருந்தாள். அவள் பக்கத்தில் மலை இருந்தது, ஆனால் மலைக்கு மேலே வெள்ளைப் போர்வை. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அந்தப் பெயர் வந்தது, மடக்கிய கையின் முட்டிகள் போல இருப்பதாக வெள்ளைக்கார நில அளவையாளர்கள் கண்டதால். எங்களுக்கு முட்டியும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை.

"தெரியுதோ?" என்று இயந்திர இரைச்சலுக்கு மேலால் கத்தினேன்.

கையை மட்டும் ஆட்டினாள். பிறகு திடீரென்று என் முழங்கையை இழுத்தாள். மொட்டைத் தலையோடு கருத்த கல்லொன்று நீண்டு கிடந்தது. தம்புள்ளை. அதைக் கண்டதும் அவள் முகம் போன விதத்துக்குக் காரணம் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், றோட்டில் இறங்கியதும் சொல்கிறேன்.

தம்புள்ளைக்குக் கிழக்கே கண்டலம குளம். அதன் கரையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டல் எங்கே என்று தேடித் தோற்றேன். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளக் கட்டடம் அது, 1994இல் திறந்தார்கள். கூரையிலும் சுவரிலும் காட்டை ஏறவிட்டு, மலையோடு மலையாக ஒட்டவைத்திருக்கிறார். விமானத்திலிருந்து தேடியும் அகப்படாத கட்டடம் என்றால் கட்டியவன் வென்றான்.

அடுத்த நிமிடம் சிகிரியா. அஞ்சலட்டையில் பார்த்த கல்தான். ஆனால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று மேலே வருபவர்களுக்குக் கிடைக்கிறது. மேற்கே அகழிக்குள் தொடங்கும் நீர்த் தோட்டங்கள், நடுவே நூல் பிடித்தது போல ஒரு பாதை, இரு புறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரிக் குளங்கள். கல்லின் உச்சியில் நான்கு ஏக்கர் அளவில் அரண்மனையின் அத்திவாரங்களும் கல்லில் வெட்டிய தடாகமும். தகப்பனைக் கொன்று முடி சூடியவன் என்று மகாவம்சம் பழிக்கிற காசியப்பன், 477 முதல் 495 வரை ஆண்டு, மேலேயிருந்து பார்ப்பதற்கென்றே ஒரு நகரத்தை வரைந்திருக்கிறான். அவனுடைய ஜன்னலைத்தான் நாங்கள் அரை நிமிடத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம்.

இறங்கிய இடம் கிம்பிஸ்ஸவில் உள்ள விமானப்படையின் ஓடுபாதை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் அடித்தன. இந்தக் காட்டுக்குள் பிரித்தானிய விமானப்படை வந்து உட்கார்ந்தது அந்தப் போர்க்காலத்தில்தான். லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து கிளம்பிச் சுமாத்திராப் பக்கம் வரை போய்வந்தன. இப்போது சுற்றுலாக்காரரும் தொப்பியும். கட்டுநாயக்கவிலிருந்து அரை மணித்தியாலம் சொச்சம். றோட்டால் வந்திருந்தால் நான்கு மணித்தியாலம். வரப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: காலைப் பறப்பையே எடுங்கள். நிலம் சூடேறிய பின் சின்ன விமானம் மாட்டுவண்டியாகிவிடும்.

இனாமலுவச் சந்தியில் திருகோணமலை றோட்டைப் பிடித்துத் தம்புள்ளைக்கு வந்தோம். வாடகை வானின் சாரதி சிங்களவர்; பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி லொறி ஓட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்து வியாபாரிகளிடம் தமிழ் பழகியதாகச் சொன்னார். அதனால் அவருடைய தமிழில் என் ஊர் வாசம் அடித்தது. மனைவிக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சந்தையின் பக்கமாகப் போகும்போது வெங்காய மூட்டைகள் மலையாகக் கிடந்தன. பெரிய வெங்காயத்துக்கு மாத்தளை மாவட்டம் பேர்போனது. தம்புள்ளைக் குகைகளுக்கு நாங்கள் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதே உண்மை.

இனி அந்தக் கல்லின் கதை.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு ஏ-9 வழியாக ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தானுக்கு ஏ-9 என்றால் கண்டி வீதி. ஆனையிறவு, ஓமந்தை, மூடிய பாதை, திறந்த பாதை. என் மனைவிக்கு அதே றோட்டு வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த என்று நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட நூற்றைம்பது மைல். வடக்குப் பாதை என்று அரசாங்க ஏடுகள் அதைச் சொல்லும். காப்பிக் காலத்தில் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கூலியை முடிந்துகொண்டு அதே காட்டு வழியே ஊருக்குத் திரும்பவும் நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியில் எத்தனை பேரைத் தின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள் என்பதில் வழக்கில்லை.

அவளுடைய பூட்டி சிறுமியாக அந்த வழியில் நடந்தவள். துறையூர்ப் பக்கம். உடன் வந்த தம்பி மிகிந்தலைக்கு இப்பால் எங்கோ நின்றுவிட்டான். "நின்றுவிட்டான்" என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்வார்கள். வேறு சொல்லை நான் கேட்டதில்லை. மொட்டைக் கல் ஒன்று தெரிந்தால் காடு முடியப்போகிறது, இனி மலைக்குளிர் வரும் என்று கங்காணி சொல்லிக் கூட்டிவந்தாராம். அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நடந்ததாம் பிள்ளை. அந்தக் கல் தம்புள்ளைதான் என்று யாரும் நிரூபித்ததில்லை. அந்தக் குடும்பத்துக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை.

வான் நாவுலவைத் தாண்டியதும் உண்மையிலேயே குளிர் வந்தது. சாரதி குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வறண்ட வலயக் காடு பின்னால் நிற்க, றோட்டின் இரு புறமும் பலா, கமுகு, மிளகுக் கொடி. விமானத்தில் நிறம் மாறியதைப் பார்த்தோம். இங்கே தோலில் தெரிந்தது.

நாலந்தவில் கெடிகேயைப் பார்க்க இறங்கினோம். பௌத்தத் தலம்தான், ஆனால் கட்டட முறை பல்லவர் சாயல். எங்கள் ஊர்க் கோயில் ஒன்றைக் காட்டுக்குள் மறந்துவிட்டு வந்தது போல இருக்கும். போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் மூழ்காதிருக்க, 1970களின் பிற்பாதியில் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். கல்லைக் கழற்றி எண் போட்டு அடுக்க முடிந்தவர்களால், அந்தப் பாதையில் புதைந்தவர்களுக்கு ஒரு கல் நட முடியவில்லை என்று மனைவி சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. யாருக்குச் சொல்வது, எந்த அரசாங்கத்தின் சார்பில் சொல்வது?

மாத்தளையை நெருங்க நெருங்க வாசனைத் தோட்டங்கள். ஒன்றில் நின்றது என் பிழை. கொக்கோவையும் சாதிக்காயையும் வனிலாக் கொடியையும் அழகாகத்தான் காட்டினார்கள். கடைசியில் கதிரையில் இருத்தி, முதுகில் ஏதோ எண்ணெயைத் தேய்த்து, ஒரு போத்தலுக்கு அவர்கள் சொன்ன விலையில் என் முதுகுவலி நின்றது, நெஞ்சுவலி தொடங்கியது. எல்கடுவக்காரி அந்தப் போத்தலை மோந்து பார்த்துவிட்டு, "இது எங்கம்மா சும்மா காய்ச்சித் தருவாங்க" என்றாள், விற்பவருக்குக் கேட்கும்படியாகவே.

அலுவிகாரைக்கு ஒரு கும்பிடு. திரிபிடகத்தை முதன்முதலாக ஓலையில் எழுதியதாகச் சொல்லப்படும் இடம். எழுதுகிறவன் அந்த வாசலைக் கும்பிடாமல் போகக்கூடாது.

முத்துமாரியம்மன் கோயில் முன்னால் வான் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் முதலில் கண்ட தோட்டத்து ஊர் மாத்தளை. அம்மன் இங்கே இவ்வளவு பெரியவளானதற்கு அதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 ஜூலையில் கோயிலும் தேரும் எரிந்தன. பிறகு எழுந்த இராஜகோபுரம் 108 அடி. மனைவி அண்ணாந்து பார்க்கவில்லை. பூட்டி செய்தது போல வாசற்படியைத் தொட்டு, அந்த மண்ணைக் காலில் தடவிக்கொண்டாள். நடந்து வந்த கால் வலிக்கு மருந்து அது. அரை மணித்தியாலம் விமானத்தில் வந்த கால்களுக்கும் பிடித்ததோ என்னவோ.

எல்கடுவ ஏற்றத்தின் வளைவுகளைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடி தலை சுற்றும். இருட்டுகிற நேரம் அத்தையின் லயத்து வாசலில் இறங்கினோம். ரொட்டியும் கட்டைச்சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. எண்பதைத் தாண்டிய மனுசி, கொழுந்து பறித்த விரல்கள் இன்னும் மடங்கியபடியே. எங்கள் பயணம் முழுவதிலும் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

"பிளேன்லயா வந்தீங்க?"

"ஆமா அத்தை."

"அப்ப மேலேருந்து பாத்தா நம்ம லயம் தெரிஞ்சுச்சா?"

நான் முகிலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சுச்சு அத்தை. நல்லாத் தெரிஞ்சுச்சு."

அத்தை எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்துக் காம்பராவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அடியே, கேட்டியா? கூரைக்கு இப்ப எதுக்குச் செவப்புப் பெயின்ட்டுன்னு சண்ட புடிச்சியே!"