சினிமாவில் பிறந்த ஊர்வலம்: மெக்சிகோவின் இறந்தோர் நாள்

உலகத் திருவிழாக்கள் வரிசையில் இன்னைக்கு நாம போகப்போறது மெக்சிகோவுக்கு. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் கொண்டாடப்படும் 'தியா தே லோஸ் முயெர்த்தோஸ்', அதாவது இறந்தோர் நாள்.

நான் இதை எடுத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு பழைய திருவிழாவுக்குள்ள சினிமாவும் சுற்றுலாவும் புகுந்துட்டா, அது இன்னமும் அந்த மக்களோட திருவிழாதானா? இந்தக் கேள்வியை மெக்சிகோ நேருக்கு நேர் சந்திச்சிருக்கு.

முதல்ல வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஒரு மேஜை போட்டு, இறந்தவங்க படத்தை வைப்பாங்க. இதுக்கு 'ஒஃப்ரெந்தா'ன்னு பேர். நம்ம வார்த்தையில படையல். மெழுகுவர்த்தி, உப்பு, மரப்பிசின் புகை, இந்த நாளுக்குன்னே சுடுற ஒரு இனிப்பு ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர். தூரத்துல இருந்து வர்றவங்களுக்குத் தாகம் எடுக்கும் இல்லையா? கூடவே அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு. முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, அடுத்த நாள் பெரியவங்களுக்கு. அதனால குழந்தையை இழந்த வீட்டுப் படையல்ல பொம்மையும் மிட்டாயும் இருக்கும். பல ஊர்களில் கல்லறையைச் சுத்தம் பண்ணி, பூ வெச்சு, ராத்திரி முழுக்கக் குடும்பமா அங்கேயே உட்கார்ந்திருப்பாங்க.

வர்றவங்களுக்கு வழி காட்டுறது ஒரு ஆரஞ்சுப் பூ. அங்கே அதோட பேர் 'செம்பசூச்சில்'. நமக்கு அது செண்டுமல்லி, சில ஊர்களில் துலுக்கச் சாமந்தி. நாம மாலையாக் கட்டுற இந்தப் பூவோட தாயகமே மெக்சிகோ பக்கம்தான்.

தேதி எங்கிருந்து வந்தது? 1521-ல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் தலைநகரைப் பிடிச்சாங்க. அவங்களோட கத்தோலிக்க நாட்காட்டியும் வந்தது. நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் கொண்டாடுறாங்களே, அதே நாள்தான். இறந்தவங்களுக்கு உணவு படைக்கிற அந்த மண்ணின் பழக்கம் இந்தத் தேதிகளோட கலந்துபோச்சு.

பூத்தொப்பி வெச்ச எலும்புக்கூட்டுப் பெண்ணை நீங்க படத்துல பார்த்திருப்பீங்க. 'கத்ரினா'ன்னு பேர். 1913-ல் மறைந்த ஹோசே குவாதலூப்பே போசாதா, ஐரோப்பிய நாகரிகத்தைக் காப்பியடிக்கிறவங்களைக் கிண்டல் பண்ண வரைஞ்சது வெறும் தலையைத்தான். 1947-ல் தியேகோ ரிவேரா தன்னோட சுவரோவியத்தில் அதுக்கு முழு உடம்பும் உடையும் கொடுத்தார். ஆக, இந்தத் திருவிழாவின் அடையாளமாகவே ஆகிவிட்ட உருவத்துக்கு நூறு வயசு சொச்சம்தான்.

இப்போ சினிமாவுக்கு வருவோம். 2013-ல் டிஸ்னி நிறுவனம் இந்தத் திருவிழாவின் பெயரையே தன்னோட வணிக முத்திரையாப் பதிவு பண்ண விண்ணப்பிச்சது. எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ் வாங்கிடுச்சு. 2015-ல் ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஸ்பெக்டர்' வந்தது. தொடக்கக் காட்சியில் மெக்சிகோ நகரத் தெருக்களில் பிரம்மாண்டமான இறந்தோர் நாள் ஊர்வலம் போகும். ஆனா அப்படி ஒரு ஊர்வலம் அந்த நகரத்தில் நடந்ததே இல்லை! படத்துக்காக உருவாக்கினது. படம் பார்த்துட்டுச் சுற்றுலாப் பயணிகள் தேடி வருவாங்கன்னு, 2016 அக்டோபரில் நிஜமாவே ஒரு ஊர்வலத்தை நடத்தினாங்க.

"இது நம்ம வழக்கமே இல்லை, வெறும் வியாபாரம்"னு அப்போ விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான்.

ஆனா 2017 செப்டம்பர் 19-ல் பெரிய நிலநடுக்கம். 350 பேருக்கு மேல இறந்தாங்க. மீட்புப் பணி நடந்த இடங்களில் யாராவது கையை மடக்கி மேலே தூக்கினா, எல்லாரும் சட்டுனு அமைதியாகணும். இடிபாட்டுக்குள்ள இருந்து குரல் கேட்குதான்னு கவனிக்கிறதுக்கான சைகை அது. சில வாரம் கழிச்சு நடந்த இரண்டாவது ஊர்வலத்தில் அந்த உயர்த்திய கை இருந்தது. இறந்தவங்களுக்கும் மீட்பாளர்களுக்கும் அஞ்சலி செலுத்தினாங்க. சினிமா செட்டாப் பிறந்த ஊர்வலத்துக்குள்ள நிஜமான இறந்தோர் வந்து சேர்ந்தாங்க.

அதனால நான் ஒரு திருவிழாவை வயசை வெச்சு எடை போடறதில்லை. அதை நடத்துறவங்களுக்கு அதில் சொந்தமா ஏதாவது இருக்கான்னுதான் பார்க்கிறேன். ஊர்வலத்தை இன்னும் பத்து வருஷத்தில் நிறுத்தினாலும், வீட்டு மேஜையில் அந்தத் தண்ணி டம்ளர் இருக்கும். மேஜையை நிறுத்திட்டு ஊர்வலத்தை மட்டும் வெச்சுக்கிட்டா, மிச்சம் இருக்கிறது வேஷம்தான்.

உங்க ஊர்த் திருவிழாவில் சமீபத்தில் புதுசா எது சேர்ந்தது? அது உங்களுக்குச் சொந்தமாயிடுச்சா? எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.