நிலப் பயன்பாட்டு மாற்றமும் நீர்வளப் பாதுகாப்பும்

சித்தூர்ப் பகுதியின் வேளாண்மைக்கு ஏரிகளே நெடுங்காலம் ஆதாரமாக விளங்கின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் ஏரிப் பராமரிப்பு தளர்ந்தது. நிலக்கடலை நிலங்கள் பல மாந்தோப்புகளாயின. திருப்பதி நகரம் விரிந்தது. 2021 நவம்பர் பெருமழையில் நகரத் தெருக்கள் நீரில் மூழ்கின. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, சுற்றுக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏரிகளும் கால்வாய்களும் செவ்வையாக இல்லாவிடில் வறட்சி, வெள்ளம் இரண்டுமே கடுமையாகும்.

ஆந்திரப் பிரதேசத்தின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டம் இம்மூன்றையும் ஒருங்கே நோக்குகிறது. மாநில, மாவட்ட, மண்டல அளவிலான அமைப்புகளுக்கு வகைசெய்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லை மாறினும் நீர்ப்பிடிப்பு எல்லை மாறுவதில்லை. எனவே, மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் அளிக்குமுன் வரத்துக் கால்வாய்களை வரைபடத்தில் குறித்தலும், கிணறுகளைப் பதிவு செய்தலும், இரு மாவட்டங்களும் கலந்து திட்டமிடலும் இன்றியமையாதவை.