செம்பைக் கணக்கு வைக்கும் ஈஸ்ட்

இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் பருவமழைக்கு முன்பே போர்டோ கலவை அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். ஏலத்தின் அழுகலுக்கும் மிளகின் வாடலுக்கும் பழகிய மருந்து இதுதான். 1885-ல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காகத் தாவரவியலாளர் மில்லர்டே வெளியிட்ட இந்த மருந்தில் உள்ள செம்பு, மற்ற மருந்துகளைப் போலச் சிதைந்து மறைவதில்லை. மழையோடு வழிந்து மண்ணிலேயே தங்குகிறது. அந்த மண்ணில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதை, பாலக்காட்டுச் சித்தூரில் தென்னங்கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிடம் கற்கலாம்.

செம்பு இல்லாவிட்டால் ஈஸ்ட்டால் மூச்சு விட முடியாது. மிஞ்சினால் அதே செம்பு அதைக் கொல்லும். அதனால் ஈஸ்ட் இரண்டு புரதங்களைக் காவலுக்கு வைத்திருக்கிறது. செம்பு குறைந்தால், அதை உள்ளே இழுக்கும் மரபணுக்களை மாக்-1 இயக்குகிறது. செம்பு கூடினால் மாக்-1 அடங்கிவிடும். ஏற்கெனவே செல்லில் காத்திருக்கும் ஏஸ்-1, செம்பு அயனிகளைப் பற்றியவுடன் உருமாறி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு கப்-1 மரபணுவை முடுக்கிவிடும். அதிலிருந்து உருவாகும் சிறு புரதம் செம்பைப் பிடித்துக் கட்டிப்போடும். செம்பு அழிவதில்லை, கட்டுண்டு கிடக்கிறது; அவ்வளவுதான்.

தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு. செம்பு மருந்து தொடர்ந்து பட்ட திராட்சைத் தோட்டங்களிலிருந்து வந்த ஒயின் ஈஸ்ட்டுகள் பலவற்றில் கப்-1 பல படிகளாகப் பெருகியிருக்கிறது. ஓரிரு படிகளே உள்ள வகைகள் செம்பு மிகுந்த இடத்தில் பின்தங்கின. ஈஸ்ட் பழகிக்கொண்டதே, மண்ணுக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தாக்குப்பிடித்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. ஒரு செல் உயிரினத்துக்குச் சில நாட்களில் பல தலைமுறைகள் கடந்துவிடும். மண்புழுவுக்கும் ஏலச் செடிக்கும் அந்த வேகம் கிடையாது. செம்பை உறிஞ்ச ஈஸ்ட்டையே மண்ணில் விடலாமே என்றால், செல் மடிந்ததும் அது பிடித்துவைத்த செம்பு மீண்டும் மண்ணுக்கே திரும்பும்.

மருந்தை நிறுத்தினால் அழுகலில் விளைச்சலே போய்விடும் என்ற விவசாயியின் வாதம் நியாயமானது. நிறுத்தச் சொல்வதும் இங்கே நோக்கமல்ல; மண்ணில் சேரும் செம்பைக் கண்காணிக்க வேண்டும் என்பதே. 2015-ல் வந்த மண்வள அட்டை அளக்கும் 12 அம்சங்களில் செம்பும் ஒன்று. ஆனால் அது நுண்ணூட்டமாக அங்கே இடம்பெறுகிறது. பயிருக்குப் போதுமா, போதாதா என்பதே கேள்வி. மாக்-1 செய்யும் வேலை இருக்கிறது, ஏஸ்-1 செய்யும் வேலை இல்லை. இடுக்கியின் மண்ணோ அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் செம்பு எளிதில் கரைந்து வேர்களை எட்டும். ஆகவே தோட்டப் பகுதிகளுக்கான அட்டையில் செம்புக்குக் கீழ்வரம்போடு மேல்வரம்பும் குறிக்கப்பட வேண்டும். அதை எட்டிய தோட்டத்தில் வடிகால், நிழல் ஒழுங்கு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை போன்ற மாற்றுகளுக்கு முதலிடம் தந்து, செம்பு அடிக்கும் தடவைகளைக் குறைக்கலாம்.