ஆறாத ஈறு

ஈறு வீங்கினால் கிராம்புத் தைலத்தைத் தேடுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் பல் வைத்தியரிடம் போகிறோம். பெரும்பாலும் அத்துடன் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் ஈற்றில் வரும் வீக்கமெல்லாம் பல்லைச் சேர்ந்ததல்ல என்பதை நேயர்கள் அறிந்திருப்பது நல்லது.

1997-ஆம் வருஷத்தில் டெலக்லூஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், வாயில் தோன்றிய விசித்திரமான கட்டிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த நோயாளிகள் 16 பேர். அவர்களில் 15 பேர் எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள். இந்த நிணநீர்ப் புற்றுநோய்க்குப் 'பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா' என்று பெயர். பெயர் வாயில் நுழைவதில்லை; நோயோ பல சமயங்களில் வாயிலேதான் முதலில் தலைகாட்டுகிறது!

நோயை எதிர்க்கும் பொருள்களைச் சுரப்பதற்காக நம் இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் பக்குவமடைகின்றன. அவை பாதி பக்குவத்தில் நெறிகெட்டுப் பெருகுவதே இவ்வியாதி. 1964-இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் இந்தக் கட்டிகள் பலவற்றில் குடியிருக்கிறது. அந்த வைரஸ் நம்மில் அநேகரிடமும் உண்டு. தேகத்தின் காவலர்கள் அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. அந்தக் காவலர்களையே வீழ்த்திவிடுகிறது.

சிகிச்சையிலும் ஒரு சங்கடம். வேறு பல லிம்போமாக்களில் அணுவின் மேலுள்ள 'சிடி20' என்ற அடையாளத்தைத் தேடிச் சென்று தாக்கும் மருந்து உண்டு. இந்த அணுக்களிலோ அந்த அடையாளம் அநேகமாக அழிந்திருக்கும். கதவிலக்கம் அழிந்த வீட்டைத் தேடும் தபால்காரரைப் போல மருந்து திண்டாட வேண்டியதுதான். ஆகவே வேறு மருந்துகளைக் கலந்து, எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்தையும் விடாமல் கொடுக்கிறார்கள். கொடிய நோயே ஆனாலும் குணமடைந்தவர்கள் இருக்கிறார்கள். 1996-க்குப் பிறகு பரவிய அந்தக் கூட்டு மருந்து, நம் நாட்டில் 2004 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

சிலருக்குக் கட்டி முதலில் தெரிகிறது, எச்.ஐ.வி. இருப்பது அதன் பின்னரே தெரியவருகிறது. அப்போதுதான் வீட்டார் வாயடைத்துப் போகிறார்கள்; அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப் போடுகிறார்கள். இந்தக் கட்டியோ வெகு வேகமாக வளர்வது, மானத்துக்காகக் காத்திருக்காது. சம்மதமின்றிச் சோதிப்பதையும், கிருமியைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பதையும் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் தடுக்கிறது. மூன்று வாரமாகியும் ஆறாத ஈற்றுப் புண்ணை டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் சிறு துணுக்கு வெட்டிப் பூதக்கண்ணாடியில் சோதிக்கச் செய்யவேண்டும்.