வேலை, பிள்ளைகள், டெட் தேர்வு: விளக்கு வச்ச பிறகு நாற்பது நிமிஷம்

நான் கண்டாச்சிபுரத்திலிருந்து பேசறேன். பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். 2008-ல் வேலைக்கு வந்தேன். மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூணாம் வகுப்பு. "வேலை, வீடு, உங்க சொந்த ஆசை, மூணையும் எப்படிச் சமாளிக்கிறீங்க, சாமி நம்பிக்கை உதவுதா?"ன்னு கேட்டிருந்தீங்க. உதவுது. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை.

முதல்ல என் தலைக்கு மேல தொங்குற விஷயத்தைச் சொல்லிடறேன். 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி 2010 ஆகஸ்ட் 23-ல் வந்த அறிவிக்கைதான் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வை ஒரு தகுதியாக வைத்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012-ல் நடந்தது. நான் அதுக்கெல்லாம் முன்னாடியே வேலைக்கு வந்தவள், அதனால அது எனக்கு இல்லைன்னே இருந்தேன். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவங்க இரண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும், இல்லைன்னா வேலையில் தொடர முடியாது. ஐந்து வருஷத்துக்குள்ள ஓய்வுபெறுபவங்க தொடரலாம், ஆனா டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. வீட்டுக் கடனும் இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் நேரா எங்க ஊர் ராமநாதீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். "பாஸ் பண்ணிட்டா அதைச் செய்யறேன், இதைச் செய்யறேன்"னு மனசுக்குள்ள பேரம் பேச ஆரம்பிச்சேன். பாதியிலேயே வெட்கமாப் போச்சு. ஏன்னா இதை ஏற்கனவே ஒரு தடவை செய்து பார்த்தவள் நான்.

மகள் பிறந்தது 2010-ல். அப்போ மகப்பேறு விடுப்பு 90 நாள்தான். மூணு மாசக் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துட்டு வகுப்புக்குப் போனேன். மகன் பிறந்த 2017-ல் அது ஒன்பது மாசமாகியிருந்தது, இப்போ ஒரு வருஷம். இப்போ வர்ற டீச்சருங்களைப் பார்த்தா சந்தோஷமாவும் இருக்கு, கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு. சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த நாட்களில் குழந்தையை விட்டுட்டு வர்ற குற்ற உணர்ச்சியை நான் விரதத்தால் அடைக்கப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பிரதோஷம், சஷ்டி, பௌர்ணமிக்கு கிரிவலம். ஒரு சஷ்டி அன்னைக்கு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க முன்னாடி மயங்கி விழுந்தேன். பிள்ளைங்க அழுதுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி என் மாமியார், அதிகம் பேசாதவங்க, சொன்னாங்க: "விளக்கேத்துனா போதும்மா. சாமி உனக்கு டியூட்டி போடல."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் திருப்பினது. அதுவரை பக்தி எனக்கு நாலாவது வேலை. பள்ளிக்கூடம், பிள்ளைங்க, படிப்பு, அதோட சாமி. இப்போ அது வேலைப் பட்டியலிலேயே இல்லை. காலை நாலரைக்கு எழுந்து விளக்கு ஏத்துவேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவேன், எதுவும் கேட்க மாட்டேன். அப்புறம் அதே இடத்தில் நாற்பது நிமிஷம் படிப்பு. அந்த நேரத்தில் போன் கையில் இருக்காது, அடுப்பும் எரியாது. பூஜை அறையில் இருக்கிற பொம்பளையை எங்க வீட்டில் யாரும் கூப்பிட மாட்டாங்க. படிக்கிறேன்னு சொன்னா "ஒரு நிமிஷம் வா"ம்பாங்க. சாமி கும்பிடறேன்னா கதவைச் சாத்திட்டுப் போவாங்க. இதை நான் கொஞ்சம் திருட்டுத்தனமாத்தான் பயன்படுத்திக்கிறேன், ஒத்துக்கறேன்.

டெட் முதல் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொண்ணுக்கும் முப்பது. இத்தனை வருஷம் பாடம் நடத்தினதால தமிழும் சூழ்நிலையியலும் பயமில்லை. குழந்தை மேம்பாட்டில் பியாஜே சொன்ன படிநிலைகளை என் மகனை வச்சே நினைவு வச்சுக்கறேன். கணக்குதான் காலை வாருது. அதுக்கு என் மகள்தான் டீச்சர். அவளுக்குப் பொதுத்தேர்வு, எனக்கு டெட். ராத்திரி ஒரே மேஜையில் உட்காருவோம். "அம்மா, எட்டாங்கிளாஸ் கணக்கும்மா இது"ன்னு அவள் தலையில் அடிச்சுக்கும்போது, என் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட நான் எத்தனை தடவை அப்படிப் பண்ணியிருக்கேன்னு ஞாபகம் வரும்.

சிலதை விட்டுட்டேன். மாதாமாதம் கிரிவலம் இல்லை. அவளுக்கு லீவு கிடைச்சப்போ ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினோம். பதினாலு கிலோமீட்டரும் அவள் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தா, நான் பதில் சொல்லிக்கிட்டே நடந்தேன். சாமி கோபிச்சுக்கல. தொலைதூரக் கல்வியில் ஆரம்பிச்ச எம்.ஏ. தமிழில் ஒரு பேப்பர் அரியர் நிக்குது. அதுதான் உண்மையில் என் சொந்த ஆசை, டெட் இல்லை. டெட் வேலையைக் காப்பாத்தறதுக்கு. அந்தப் புத்தகத்தை பூஜை அறை அலமாரியில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வச்சிருக்கேன். தினமும் கண்ணில் படுது. இன்னும் திறக்கல.

நாளைக்குக் காலையில் 'வேலையும் நேரமும்' கணக்கு. பத்து பேர் ஆறு நாளில் முடிக்கிற வேலையை ஒருத்தர் எத்தனை நாளில் முடிப்பார்ங்கிற ரகம். அதைப் படிச்சா எனக்குச் சிரிப்பு வருது, என்ன பண்றது.